விசாரணை நேரத்து உபவாசம்

அண்ணியின் வலது கைக்காக எங்கள் சபையே பட்டினி கிடந்தது. அந்தக் கைக்காக ஒரு வார்த்தை பேசத்தான் ஆள் கிடைக்கவில்லை.

அண்ணி சலவை ஆலையில் இஸ்திரி உருளையில் வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை ஈரத்தோடு நீட்டினால், சூடான உருளைகள் அதை உள்ளே இழுத்து மறுபக்கம் சுருக்கமில்லாமல் தள்ளும். உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி இருக்கும். அதில் கை பட்டால் மெஷின் நின்றுவிடும். துணி தடித்துப்போய்த் தட்டினாலும் நின்றுவிடும். மேற்பார்வையாளருக்கு ஆகாதது அதுதான். கிழிந்த தலையணை உறையை வைத்து அந்தக் கம்பியைத் தூக்கிக் கட்டச் சொல்லிவிடுவார். அப்படிக் கட்டியிருந்த ஒரு நாளில் அண்ணியின் விரல்கள் விரிப்போடு சேர்ந்து உள்ளே போயின.

அவளே கட்டிக்கொண்டாள் என்றது கம்பெனி. புதன்கிழமை காலை தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. மேற்பார்வையாளர் சொல்லித்தான் கட்டினார்கள் என்று கூட வேலை பார்த்த ஒருவர் சொன்னால் போதும், வைத்தியம் முழுவதும் கம்பெனி பொறுப்பு. சொல்லாவிட்டால் வைத்தியமும் இல்லை, வேலையும் இல்லை. கொழுப்பெடுத்துப்போய்க் கையை விட்டவள் என்ற பெயர்தான் மிஞ்சும்.

பார்த்தவர்கள் இல்லாமலில்லை. உருளைக்கு எதிரே துணி மடிக்கும் மேசையில் எங்கள் சபையைச் சேர்ந்த இருவர் நின்றிருந்தார்கள். ஒருத்தி ரேடியோ அக்கா. வாய் மூடாததால் வந்த பெயர். இன்னொருத்தி என் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் அறிவித்தார். "புதன்கிழமை காலையில சபையா உபவாசம் இருப்போம். விசாரணை நடக்கிற அதே நேரத்துல நாம முழங்கால்ல இருக்கணும்." எல்லாரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன். பேச வேண்டிய இருவரும் அந்த நேரத்தில் முழங்காலில்தான் இருப்பார்கள் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

புதன்கிழமை அண்ணன் ஆலை வண்டியை ஓட்டக் கிளம்பிப் போய்விட்டான். "நீங்க முன்னால போங்க, நான் பின்னாலயே வந்துடுறேன்" என்றாள் அம்மா. நாங்கள் போனோம். அவள் வரவில்லை.

மேற்பார்வையாளர் கஞ்சி போட்ட சட்டையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். "யாரும்மா வரப்போறா? வானத்துலருந்து இறங்குவாங்களா?" என்று சிரித்தார். அண்ணி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "அத்தை வருவாங்க" என்றாள். அதிகாரி அம்மாள் பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "அடுத்த வழக்கை எடுக்கிறேன். அது முடியிறதுக்குள்ள ஆள் வந்தா கேக்கிறேன், இல்லன்னா முடிச்சிடுவேன்" என்றார்.

நான் ஓடினேன்.

எங்கள் ஜெபக்கூடம் டயர்க்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. படியிலேயே ரேடியோ அக்காவின் குரல் காதைப் பிளந்தது. "அந்த அதிகாரியின் இருதயத்தைத் திருப்பும், தகப்பனே!" அதிகாரியின் இருதயம் அங்கே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறது. அதைத் திருப்ப வேண்டிய வாய் இங்கே கூரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறது. எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா, எழுந்திரு."

அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"சத்தம் போடாதம்மா," என்றார் போதகர். "உங்க அண்ணிக்காகத்தான் எல்லாரும் தண்ணிகூடக் குடிக்காம இருக்காங்க."

"தண்ணி குடிங்கய்யா. குடிச்சிட்டு வந்து பேசுங்க. அங்க ஒருத்தரும் வரலை."

"மனுஷன் வாயால ஆகாதது ஜெபத்தால ஆகும்மா."

"மனுஷன் வாயால ஆகுறதையும் கர்த்தர் தலையிலயே கட்டுறீங்களே, அதைத்தான் கேக்கிறேன். ஆலைக்கு என்ன சொல்லி லீவு போட்டாங்கன்னு கேளுங்க."

ரேடியோ அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "காய்ச்சல்னு சொன்னேன். அதுக்கென்னடி இப்ப?"

"ஜெபம் பண்ணப் பொய் சொல்ல வாய் வருது. உண்மையைச் சொல்ல வரலையாக்கா?"

"உனக்கென்ன, படிச்சவ. எங்க போனாலும் பொழைச்சுக்குவ. என்னை வெளியே தள்ளினா இந்த வயசுல எவன் சேர்ப்பான்?"

அன்று காலையிலிருந்து அந்தக் கூடத்தில் யாரும் பேசிய முதல் உண்மை அதுதான் என்று தோன்றியது.

"பயமா இருக்குன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா. நானும் உக்காந்து அழுதிருப்பேன். பயத்துக்கு மேல கடவுளை எடுத்துப் போர்த்திக்கிட்டா எப்படி?" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் திரும்பினேன். "அங்க அண்ணி கைக்கட்டோட உக்காந்து, அத்தை வருவாங்க, அத்தை வருவாங்கன்னு சொல்லிக்கிட்டிருக்கா. நீ பெத்த பொண்ணா இருந்தா இப்படி விடுவியா?"

அம்மா கண்ணைத் திறந்தாள்.

"கட்டினது நான்தான்டி."

ரேடியோ அக்கா இன்னொரு கண்ணையும் திறந்தாள்.

"அவரு கட்டுன்னாரு, கட்டினேன். வழக்கமாக் கட்டுறதுதானேன்னு கட்டினேன். அவ ஈர விரிப்பு எடுக்கத் திரும்பியிருந்தா, நான் கட்டினதைப் பார்க்கலை. இப்ப போய் எந்த மூஞ்சியோட அவ முன்னால நிப்பேன்?"

போதகர் அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல மனிதர்தான். "கலங்காதம்மா. மன்னிப்புக்காக எல்லாருமா ஜெபிப்போம்," என்று கையைத் தூக்கினார்.

"மன்னிக்க வேண்டியவ தொழிலாளர் ஆபீசுல உக்காந்திருக்காய்யா" என்றேன்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது. நொண்டிக்கொண்டேதான் படியிறங்கினாள். வழியெல்லாம் அவள் உதடு அசைந்துகொண்டே வந்தது. அந்த ஜெபத்தில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

அதிகாரி முன்னால் அம்மா உட்கார மறுத்து நின்றுகொண்டே பேசினாள். கம்பியைக் கட்டச் சொன்னது மேற்பார்வையாளர், கட்டியது தான், மருமகளுக்குத் தெரியாது. அவ்வளவுதான். அழவில்லை.

"பெரியம்மா, யோசிச்சுப் பேசுங்க," என்றார் மேற்பார்வையாளர். "உங்க பையன் நம்ம வண்டியத்தான் ஓட்டுறான்."

"யோசிச்சு யோசிச்சுத்தான் இத்தனை நாளா பேசாம இருந்தேன், சார்."

அண்ணியின் பக்கம் திரும்பி, "தப்பு பண்ணிட்டேம்மா" என்றாள். அண்ணி பதில் சொல்லவில்லை. வீடு வரைக்கும் சொல்லவில்லை. அவளுக்கு அந்த உரிமை உண்டு. யாரும் அவளை அவசரப்படுத்தக் கூடாது என்று அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

தீர்ப்பு அண்ணியின் பக்கம் வந்தது. வைத்தியத்தைக் கம்பெனி ஏற்றது. மறுநாளே அம்மாவை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அண்ணனை இன்னும் ஒன்றும் செய்யவில்லை. செய்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் முகமெல்லாம் பல்லாக மேடையேறினார். "புதன்கிழமை உபவாசத்துக்குக் கர்த்தர் பதில் கொடுத்தார்!" ஒரே கைதட்டல், அல்லேலூயா. அம்மாவுக்கு வேலை போனதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று எட்டிப் பார்த்தவர் இல்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழப் போனேன். அதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

"ஐயா, ஒரு வார்த்தை. மத்த மெஷின்ல கம்பி இன்னும் கட்டித்தான் கிடக்கு. நாளைக்கு நான் ஆலைக்குள்ள போக முடியாது. இங்க இருக்கிற நிறையப் பேரு போவீங்க. அவுத்துட்டுத்தான் மெஷினைப் போடுவோம்னு நிக்கணும். யாரு நிப்பீங்க?"

எல்லார் தலையும் ஒரே நேரத்தில் குனிந்தது. போதகர் தொண்டையைச் செருமினார்.

"ஜெபிக்க வேண்டிய விஷயம்மா. இதுக்காக ஒரு நிமிஷம் கண்களை மூடி..."

"மூடாதீங்கய்யா," என்றாள் அம்மா. "யாருன்னு முதல்ல சொல்லட்டும். அப்புறம் அவங்களுக்காக நாள் முழுக்க நானே முழங்கால் போடுறேன்."

யாரோ இருமினார்கள். யாரோ வேதாகமத்தைப் புரட்டினார்கள். அண்ணி அம்மாவிடமிருந்து மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ரேடியோ அக்கா எரிச்சலோடு முணுமுணுத்தாள். "சரி, நான் அவுக்கிறேன். போதுமா? மானத்தை வாங்காம உக்காரு."

அம்மா உட்காரவில்லை.

"இன்னொருத்தர்?" என்றாள்.