ஷியூஜு தெரிய ஆரம்பித்த விதம்

2016ஆம் ஆண்டு ஜூன் 11, சனிக்கிழமை பிற்பகல், இண்டியானபோலிஸ் விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில், ஐந்து வயது ஜெங் யூத்துங்கின் கண்ணுக்கு அவளுடைய தாய் தெரியவில்லை. அப்பா தெரிந்தார். சீனக் கடலோர ஊரான சாங்லேயிலிருந்து அவளைக் கூட்டிவந்த ஊர்க்காரப் பெண் தெரிந்தாள். பெட்டிகளும் காவலாளியும் காவலாளியின் நாயும் தெரிந்தன. தாய் லின் ஷியூஜு ஓடிவந்து அவளைத் தூக்கி அணைத்தபோது யூத்துங் கண்டதெல்லாம் தரை தன் கால்களை விட்டுக் கீழே போவதைத்தான். ஆளில்லாத எதுவோ தன்னை இறுக்கி, கழுத்தை ஈரமாக்கியது. அவள் வீறிட்ட வீறிடலில் நாய் குரைத்தது. நெடும்பயணக் களைப்பு என்று சுற்றியிருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

பிறந்து நான்காம் மாதம் அவளை ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் புதுமை ஒன்றும் இல்லை. பார்சல் சாப்பாட்டுக் கடை நடத்துகிற சாங்லேக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். கொதிக்கும் எண்ணெய்க்கும் தொலைபேசிக்கும் நடுவே கைக்குழந்தையை வைத்துக்கொள்ள இடமில்லை. பள்ளியில் சேர்க்கும் வயது வந்ததும் திரும்ப வரவழைத்துக்கொள்வார்கள். யூத்துங்கை வளர்த்தது அவளுடைய அத்தை, அப்பா இகுவாங்கின் அக்கா. மார்லோ என்ற சிற்றூரில், டயர் கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவே இருந்த கடையில், தினமும் காலையில் கதவு திறக்குமுன் ஷியூஜு கோழி நறுக்குவாள். அப்போது சாங்லேயில் குழந்தை தூங்கப் போகிற நேரம். கைப்பேசியை ஆய்ஸ்டர் சாஸ் டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, நறுக்கிக்கொண்டே பேசுவாள். மகளுக்குத் தெரிந்ததெல்லாம் கழுத்துக்கு மேலே உள்ள அம்மா. உள்ளங்கை அளவு. ஐந்து வருஷமும் அதுதான் அம்மா. இகுவாங்குக்குக் கைப்பேசியில் பேசப் பொறுமை கிடையாது. அதனால் அப்பா எப்படி இருப்பார் என்று குழந்தைக்கு முன்கூட்டியே ஒரு எண்ணம் இருக்கவில்லை, அவரைப் பார்ப்பதில் சிரமமும் இருக்கவில்லை.

கடைக்குப் பின்னாலிருந்த வாடகை வீட்டில் முதல் வாரம் யூத்துங் மேஜைக்கடியில் இருந்தாள். அந்த வீட்டில் கதவுகள் தாமாகத் திறந்தன. போர்வை தானாக விரிந்து அவள் மேல் வந்து படுத்தது. கஞ்சிக் கரண்டி காற்றில் மிதந்து வாயருகே வந்து நின்றது. குளியலறையில் துண்டு ஒன்று அவளைத் துரத்தித் துரத்தித் தலை துவட்டியது. ஷியூஜு பேசிய எதுவும் அவள் காதில் விழவில்லை. தொடுவது மட்டும் தெரிந்தது, அதுதான் எல்லாவற்றையும்விட அவளைப் பயமுறுத்தியது. கண் மருத்துவர் சோதித்துவிட்டு, பார்வை மிக நன்றாக இருக்கிறது என்றார்.

மூன்றாவது நாள் குழந்தை கைப்பேசியில் அம்மாவைக் கேட்டு அழுதாள். ஷியூஜு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே இகுவாங்கின் கையிலிருந்த கைப்பேசிக்கு அழைத்தாள். குழந்தையின் முகம் மலர்ந்தது.

"அம்மா! நீ எப்ப வருவே? இங்க ஒரு பேய் இருக்கும்மா."

"அது என்னடி பண்ணுது?"

"என் தலையத் தடவுது. மோந்து பாக்குது. கை நாறுது, வெங்காயம் மாதிரி."

ஷியூஜு தன் கையை முகர்ந்து பார்த்தாள்.

நியூயார்க்கில் பாலத்துக்கடியில் சமையற்காரர்களை வேலைக்கு அனுப்பும் தரகர் ஒருவரிடம் இகுவாங் விசாரித்தான். இதையெல்லாம் நிறையக் கேட்டிருக்கிறேன் என்றார் அவர். கென்டக்கியில் ஒரு பையனுக்கு அப்பாவின் குரல் மட்டும் கேட்காது, டென்னசியில் ஒரு பெண் அம்மாவைத் தொட்டால் கை மறுபக்கம் போய்விடும். "போயிடும்ப்பா. இல்லேன்னா பழகிடும்" என்று சொல்லிவிட்டு, உனக்கு வறுக்கிறதுக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டார். சாங்லேயிலிருந்து அத்தை அப்படி விடவில்லை. பிள்ளை இளைத்துப் போயிருக்கிறாள், திருப்பி அனுப்பு என்றாள். ஆகஸ்டில் பள்ளி திறப்பதற்குள் சரியாகாவிட்டால் அனுப்பிவிடுவது என்று இகுவாங் ஒப்புக்கொண்டான். மனைவியிடம் அதைச் சொன்னபோது அவன் அவள் பக்கம் பார்க்கவில்லை. தான் அவனுக்கும் தெரியாமல் போகிறோமோ என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

ஏனென்றால் அதற்குள் வேறொன்று தொடங்கியிருந்தது. ஒரு புதன்கிழமை பள்ளிப் பேருந்து ஓட்டும் டார்லீன், வாரா வாரம் முந்திரிக் கோழி வாங்குகிறவள், கடைக்குள் வந்து நின்று, நேரே ஷியூஜுவின் மார்பு வழியாகச் சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி, "யாராவது இருக்கீங்களா? ஹலோ! பசிக்குதும்மா" என்று குரல் கொடுத்தாள். ஷியூஜு பதில் சொன்னாள். டார்லீன் மேஜைமணியைத் தட்டினாள். உள்ளேயிருந்து இகுவாங் எட்டிப் பார்த்தபிறகுதான் அவள் பார்வை நகர்ந்து ஷியூஜுவின் மேல் வந்து நின்றது. "அட, இங்கதான் நிக்கிறியா? என் கண்ணாடிய மாத்தணும்" என்று சிரித்தாள். அடுத்த வாரம் மளிகைக் கடையின் தானியங்கிக் கதவு ஷியூஜுவுக்குத் திறக்கவில்லை. வண்டி தள்ளிக்கொண்டு ஒரு கிழவர் வரும்வரை கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். கண்ணாடியில் தன் உருவம் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. ஆனால் கண்ணாடியில் தெரிவதற்கும் உலகத்தில் தெரிவதற்கும் உள்ள தூரம் அவளுக்கு அப்போது நன்றாகத் தெரிந்திருந்தது. குழந்தை திரும்பிப் போனால் தானும் மிச்சமில்லாமல் போய்விடுவோம் என்று அவள் நம்பத் தொடங்கினாள். அன்று முதல், தான் இருப்பது கேட்கவாவது செய்யட்டும் என்று, செருப்பை வேண்டுமென்றே தேய்த்து நடந்தாள்.

ஜூலை மாதம் ஒரு நாள் குளியலறையிலிருந்து பேசிக்கொண்டிருந்தபோது யூத்துங் கேட்டாள்: "நீ வந்ததும் அந்தக் கோழி செஞ்சு தருவியா? வளைஞ்ச கொட்டை போட்டது." கடையில் காலை நேரத்தில் வறுத்த முந்திரியைக் கொறித்துக்கொண்டே பேசுவது ஷியூஜுவின் வழக்கம். அந்த நொறுங்கல் சத்தம் கடல் தாண்டிப் போய்க் குழந்தையின் தூக்கத்துக்குள் விழுந்திருக்கிறது. நீ வந்ததும் செய்து தருகிறேன் என்று அவளும் எத்தனையோ முறை சொல்லியிருந்தாள். சொன்னது மறந்தும் போயிருந்தது.

இகுவாங் சிரித்தான். "அதுவா? அது வெள்ளைக்காரனுக்குப் போடறது. நம்ம வீட்ல யாராச்சும் அதத் திம்பாங்களா?" உண்மைதான். அவர்கள் கடையில் விற்றதை அவர்கள் சாப்பிட்டதில்லை. மீன் உருண்டையும் சேமியாவும் கீரையும்தான் அவர்கள் உணவு. ஷியூஜு தினமும் கோழி நறுக்கினாள், பொட்டலம் கட்டினாள், ஆனால் முந்திரிக் கோழியை ஒரு தடவைகூடத் தானே சமைத்ததில்லை.

"நானே வீட்ல செய்யறேன், யூத்துங்கப்பா. எப்படின்னு மட்டும் சொல்லு."

"அந்த மின்சார அடுப்புலயா? அதுல முட்டை வேகறதுக்குள்ள கோழி குஞ்சு பொரிச்சுடும்." பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "கொஞ்சம் கொஞ்சமாப் போடு. மொத்தமாக் கொட்டினா தண்ணி விட்டுக்கும், அப்புறம் அது கறி இல்ல, கஷாயம். வாணலி புகையற வரைக்கும் கை வைக்காத. போட்டதும் கிண்டாத. மாவு கடைசில. முந்திரி எல்லாத்துக்கும் கடைசில, இல்லேன்னா நமுத்துடும்."

கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. வெயில் சமையலறைத் தரையில் விழுந்திருந்த மதிய நேரம். யூத்துங் மேஜைக்கடியில், மடியில் அப்பாவின் கைப்பேசியோடு இருந்தாள். ஷியூஜு தன்னுடைய கைப்பேசியை அடுப்புக்குப் பக்கத்தில் ஆய்ஸ்டர் சாஸ் புட்டியில் சாய்த்து வைத்து மகளை அழைத்தாள். கோழித் தொடைக் கறியைக் கட்டைவிரல் அளவுக்கு நறுக்கி, முட்டை வெள்ளைக்கருவும் சோள மாவும் சோயா சாஸும் மிளகுத்தூளும் பிசறி முன்பே வைத்திருந்தாள். முந்திரியைச் சூடேறாத எண்ணெயில் போட்டு, எண்ணெயோடு சேர்த்து மெல்லச் சூடாக்கி, பொன்னிறத்துக்கு ஒரு நிழல் முன்னாலேயே எடுத்து வடித்தாள். குழந்தை திரையில் அம்மாவைப் பார்த்தாள். திரைக்கு வெளியே, மேஜைக்காலுக்கு அப்பால், ஒரு கத்தி தானாக எழுந்து செலரிக் கீரைத்தண்டை வெட்டுவதையும் பார்த்தாள். வெட்டும் சத்தம் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது.

"அம்மா, உன் வீட்ல கேக்கற சத்தம் இங்கயும் கேக்குது."

"கேக்கட்டும். நீ என்னையே பாரு."

வாணலி புகைந்தது. குழந்தை பயப்படுமே என்று மெதுவாக அசைய நினைத்தாள் ஷியூஜு. ஆனால் சமையல் மெதுவாக இருக்க விடவில்லை. கறியைப் பாதி போட்டு, விட்டு, புரட்டி, எடுத்து, மீதியைப் போட்டாள். கனத்த இரும்பு வாணலி ஆளில்லாமல் ஓரடி உயரம் எழும்பி, கோழித்துண்டுகளை வீசிப் பிடித்து, மறுபடி உட்கார்ந்தது. யூத்துங் மேஜைக்கடியிலிருந்து வெளியே வந்துவிட்டாள். ஓடவில்லை. ஓடினால் அது தன்னைக் கவனிக்கும் என்று நினைத்தாள். அவள் பற்கள் கிடுகிடுத்த சத்தம் ஷியூஜுவின் கைப்பேசியில் கேட்டது. அந்தச் சத்தத்தில் கை தடுமாறி, சரியாக வடியாத செலரியைத் தண்ணீரோடு எண்ணெயில் கொட்டினாள். எண்ணெய் சீறித் தெறித்தது. திரையில் அம்மாவின் முகம் சுருங்கியது. அடுப்புக்கு மேலே, வெறும் காற்றில், சிவப்பாக ஒரு வட்டம் தோன்றியது. ஒரு நாணய அளவு இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கொப்பளித்துப் பளபளத்தது.

"அம்மா... அங்க செவப்பா என்னமோ தொங்குது."

"அது என் கைடி. சுட்டுக்கிட்டேன்."

"இல்ல. பேயோட கை."

"என் கைதான். எரியுது. ஊது, யூத்துங்."

குழந்தை முதலில் திரையை ஊதினாள். கண்ணாடி ஆவி படிந்து அம்மா மங்கினாள். சிவப்பு வட்டம் கீழே இறங்கி அவள் மூக்குக்கு நேராக வந்து நின்றது. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அதை ஊதினாள். திறந்தபோது வட்டத்தைச் சுற்றி ஒரு மணிக்கட்டு இருந்தது. அதற்கு அப்பால் புறங்கை, ஐந்து விரல்கள், நகத்தடியில் மஞ்சள் கறை. மணிக்கட்டுக்கு மேலே ஒன்றும் இல்லை. வெட்டுப்பட்ட இடமும் இல்லை, ரத்தமும் இல்லை, அங்கே கை முடிந்து சமையலறை தொடங்கியது. யூத்துங்கின் பாவாடை நனைந்துவிட்டது.

அடுப்பில் கறி கருகிக்கொண்டிருந்தது. கை விரைந்து போனது. வெங்காயமும் காரட்டும் விழுந்தன, சாஸ் விழுந்தது, கரைத்த மாவு விழுந்து எல்லாம் பளபளவென்று பிடித்துக்கொண்டது. கடைசியில் முந்திரி. பிறகு அந்தக் கை ஒரு கிண்ணத்தில் சோறும் கறியும் போட்டு எடுத்துவந்து, ஒரே ஒரு முந்திரியை இரண்டு விரலால் எடுத்து நீட்டிக் காத்திருந்தது. வெகுநேரம் காத்திருந்தது. விரல்கள் நடுங்குவதைக் குழந்தை பார்த்தாள். பேய்க்கும் பயமா என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். வாயைத் திறந்தாள். நொறுங்கல் சத்தம் கேட்டது, தனக்குத் தெரிந்த சத்தம். இரண்டாவதைத் தானே எடுத்துக்கொண்டாள். கறி அடியில் கருகியிருந்தது, நடுவில் வெந்தும் வேகாமலும் இருந்தது. கிண்ணத்தில் பாதியைத் தின்றுவிட்டுத் திரையைப் பார்த்துக் கேட்டாள்:

"மிச்சம் எங்கம்மா?"

"வரும்."

ஆகஸ்டில் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. கைக்குப் பயந்துகொண்டே கையோடு இருந்தாள். தூங்கும்போது அது தன் முகத்துக்குப் பக்கத்தில் வரக் கூடாது என்று நிபந்தனை போட்டாள், அது வரவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஷியூஜு அதே கறியைச் செய்தாள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தாள். அடுப்பும் அவளும் ஒருவருக்கொருவர் பழகிக்கொண்டார்கள், கருகுவது நின்றது. குளிர்காலத்துக்குள் முழங்கை வந்தது. குரல் அடுத்த வருஷம், தோள் வருவதற்கு முன்பே வந்தது. கால்கள் ஒரே வாரத்தில் வந்தன. யூத்துங் பள்ளியில் வரைந்த குடும்பப் படத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் ஒற்றைக் கை வாணலியைப் பிடித்திருந்தது. ஆசிரியை பெற்றோரைக் கூப்பிட்டு அனுப்பினார். இகுவாங் தனியாகப் போய், அவளுக்கு மனிதர்களை வரைய வராது என்று சொல்லிவிட்டு வந்தான். மளிகைக் கடைக் கதவு ஷியூஜுவுக்குத் திறந்தது. எப்போதிருந்து என்று அவள் கவனிக்கவில்லை. ஆனால் கதவு திறக்குமுன் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் அவளைவிட்டுப் போகவில்லை. டார்லீன் புதன்கிழமைகளில் வந்து அவளைப் பார்த்தே பேசினாள். கண்ணாடியை மாற்றியது நல்லதாகப் போயிற்று என்றாள்.

கழுத்தோடு அது நின்றுவிட்டது. சாஸை மாற்றிப் பார்த்தாள், வேறு கொட்டை போட்டுப் பார்த்தாள், திங்கட்கிழமையோடு வெள்ளிக்கிழமையும் செய்து பார்த்தாள். முகம் வரவில்லை. சட்டைக் காலருக்கு மேலே சுவர்தான் தெரிந்தது. முதலில் அது யூத்துங்குக்குக் கையைவிடப் பயமாக இருந்தது, காலருக்குள் எட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் பயத்தோடு சேர்ந்திருந்தது. ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். என்ன பார்த்தாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்து அறைக்குப் போய்க் கைப்பேசியில் அழைத்தாள். 2020இல் ஊர் முழுவதும் அப்படித்தான் முகம் பார்த்தது. அந்த ஒரு வருஷம் அவர்கள் வீடு எல்லோர் வீட்டையும் போல இருந்தது.

2025ஆம் ஆண்டு மே மாதம் மார்லோ நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு விழா நடந்தது. இகுவாங் கடையில் இருந்தான். ஷியூஜு நீலச் சட்டை போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். உடற்பயிற்சிக் கூடம் நிரம்பி வழிந்தது. மேடைக்குப் பக்கத்தில் வரிசையில் நின்ற பிள்ளைகள் கழுத்தை நீட்டித் தங்கள் பெற்றோரைத் தேடினார்கள். யூத்துங்கின் தோழி தன் அம்மாவைக் காணவில்லை என்று கலங்கினாள். உன் அம்மா எங்கே என்று கேட்டாள். எனக்குத் தேட வேண்டியதில்லை என்றாள் யூத்துங், கூட்டத்தில் தலையில்லாமல் ஒருவர்தான் உட்கார்ந்திருக்கிறார். பெயர் கூப்பிட்டதும் மேடையேறி, அந்தப் பக்கம் பார்த்துக் கையசைத்தாள். நீலச் சட்டை பதிலுக்குக் கையசைத்தது.