நின்றால் ஆறும், ஓடினால் கொதிக்கும்

சூடு காட்டும் முள் மறுபடியும் சிவப்பைத் தொட்டது. அண்ணி லாரியை ஓரங்கட்டினாள். ஆனால் இஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் பின்னால் இருக்கும் தொட்டிகளுக்குக் காற்று நின்றுவிடும்.

தொட்டிகளில் இருந்தவை மீன்குஞ்சுகள். விரல் நீளம்கூட வராதவை. அவற்றுக்குக் காற்று ஊதும் பம்பை இஞ்சினோடு பெல்ட் போட்டுப் பூட்டியிருந்தார்கள். இஞ்சின் ஓடும்வரைதான் அவற்றுக்கு மூச்சு.

குஞ்சுகளை வளர்த்தவள் அண்ணியின் நாத்தனார். வீட்டில் எல்லாருக்கும் அவள் பாப்பா. முப்பது தாண்டியும் பாப்பாதான். அவள் போட்ட முதல் ஈட்டில் முட்டை பொரியவே இல்லை. அடுத்த ஈட்டில் பொரிந்ததெல்லாம் பூஞ்சை பிடித்துச் செத்தது. "தண்ணில எழுதிட்டிருக்கா" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். இந்த ஈடுதான் தப்பிப் பிழைத்து லாரி ஏறியது. மலைக்கு அந்தப் பக்கம் குளத்துக்காரர் ஒருவர் காத்திருந்தார்.

லாரி அண்ணியுடையது. ஓட்டுவதும் அவளேதான். ஒரு மாதமாக அது சூடேறிக்கொண்டிருந்தது. ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். இன்னொருவர் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார். மூன்றாமவர் முதல் இருவரையும் திட்டிக்கொண்டே வாட்டர் பம்பை மாற்றினார். ஆளுக்கொரு பாகம் மாறியது, சூடு மட்டும் மாறவில்லை. ஆனாலும் பம்பு மாற்றிய பிறகு வெறும் வண்டியாக ஊருக்குள் ஓட்டிப் பார்த்தபோது முள் அசையாமல் இருந்ததால் அண்ணி நம்பிவிட்டாள்.

பாப்பா பின்னால் ஏறித் தொட்டி மூடியைத் திறந்தாள்.

"அண்ணி, எல்லாம் மேல வந்து வாயைப் பொளக்குதுங்க."

"ஆறட்டும். இதோ முள்ளு இறங்குது பாரு."

இறங்கத்தான் செய்தது. நின்றால் ஆறும். கிளம்பி ஒரு மேடு ஏறுவதற்குள் கொதிக்கும். காலையிலிருந்து இதே கதை. இதற்குள் வெயில் ஏறித் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டது.

கால் முறிந்து வீட்டில் கட்டுப்போட்டுக் கிடந்த அண்ணியின் கணவன் போனில் கூப்பிட்டான்.

"பெரிய மெக்கானிக்கைக் கேட்டுட்டேன். ஹெட் கேஸ்கெட் போயிருக்குமாம். வண்டிய ஒரு அடி நகத்தாதே, இஞ்சினே போயிடும்."

அதுவாக இருந்தால் இஞ்சினைப் பிரித்து மேய வேண்டும், நடுரோட்டில் ஆகிற காரியமில்லை. அண்ணி ஒரு நிமிஷம் இஞ்சினை நிறுத்தி எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தாள். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் பால் ஊற்றிய காப்பி மாதிரி இருக்கும். கறுப்பாகவே இருந்தது. மறுபடி கிளப்பினாள். புகையிலும் வெள்ளை இல்லை. கேஸ்கெட் இல்லை என்று கொஞ்சம் நிம்மதி. அப்புறம் வேறு எது?

"வேற வண்டி பிடிக்கறேன்னு சொன்னேன்ல?" பாப்பாவின் குரல் உடைந்தது. "நம்ம வண்டி இருக்கும்போது எதுக்குன்னு நீங்கதானே அண்ணி சொன்னீங்க?"

சொன்னது உண்மைதான். அண்ணி ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தாள். அழுதால் மட்டும் வண்டி ஓடிவிடுமா?

நின்றால் ஆறுகிறதென்றால் விசிறி வேலை செய்கிறது, ரேடியேட்டரும் வேலை செய்கிறது. மிதித்தால்தான் கோளாறு. அப்படியென்றால் மிதிக்கும்போது மட்டும் உள்ளே ஏதோ நடக்கிறது. ஆனால் மிதிக்கிறவளால் அதைப் பார்க்க முடியாது.

"பாப்பா, இறங்கி முன்னால வா. இஞ்சின் மூடியத் தூக்கி விடறேன். நான் மிதிக்கறப்ப நீ பாரு."

"எனக்கு இஞ்சின்ல என்ன தெரியும்?"

"இஞ்சின் தெரிய வேண்டாம். தண்ணி போற ரப்பர் குழாய் ரெண்டு இருக்கு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. அதுல என்ன மாறினாலும் கத்து. விசிறிகிட்ட கைய கொண்டுபோகாதே."

அண்ணி மெல்ல மிதித்தாள். ஒன்றுமில்லை. இன்னும் மிதித்தாள். இஞ்சின் அலறியது.

"அண்ணி! கீழ இருக்கறது ஒட்டுது!"

"எப்படி ஒட்டுது?"

"ஜூஸ் தீர்ந்தப்புறம் ஸ்ட்ராவை உறிஞ்சினா சப்புன்னு ஒட்டுமே, அந்த மாதிரி! காலை எடுங்க... இதோ, திரும்ப உப்பிடுச்சு!"

அண்ணி குதித்து இறங்கி ஓடினாள். துணியைச் சுற்றிக் குழாயை அமுக்கினாள். தொளதொளவென்று இருந்தது. ஒட்டாமல் இருக்க அதற்குள் ஒரு ஸ்பிரிங் இருக்க வேண்டும். துருப்பிடித்துத் தூளாகிப் போயிருக்கிறது. மிதிக்கும்போதெல்லாம் பம்பு வேகமாக உறிஞ்ச, குழாய் தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொண்டிருந்தது. மூன்று பேர் பார்த்தார்கள். மூன்று பேரும் நிற்கிற வண்டியைத்தான் பார்த்தார்கள்.

கண்டுபிடித்த சந்தோஷம் நிலைக்கவில்லை. குழாயைக் கழற்ற இஞ்சினை நிறுத்தி ஆறவிட வேண்டும். அதுவரை தொட்டிகளுக்குக் காற்று கிடையாது.

பாப்பா ரோட்டோரம் ஓடிய வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாதியை இதுல விட்டுடலாம் அண்ணி."

"பைத்தியமா உனக்கு?"

"கூட்டம் குறைஞ்சா தண்ணில இருக்கற மூச்சு மிச்சத்துக்குக் காணும். இல்லன்னா மொத்தமும் போயிடும். இதுங்க இந்தப் பக்கத்து ஆத்து மீன்தான், பிழைக்கறது பிழைக்கும்." குரலில் ஈரமே இல்லை. "வளத்தவ நான். நானே விடறேன்."

இஞ்சின் மெதுவாக ஓட, இருவரும் கைவலையால் அள்ளி அள்ளி வாய்க்காலில் விட்டார்கள். கரையில் எங்கிருந்தோ கொக்குகள் வந்து இறங்கின. அண்ணி கல்லை எடுத்து எறிந்தாள். பறந்து போய் இரண்டடி தள்ளி உட்கார்ந்தன. பாப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அப்புறம் இஞ்சின் நின்றது. பாப்பா தொட்டிமேல் ஏறி, வாளியால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றத் தொடங்கினாள். காற்றைத் தண்ணீருக்குள் இறக்க அவளிடம் இருந்த வழி அது ஒன்றுதான். மொள்வாள், ஊற்றுவாள், அடுத்த தொட்டிக்குத் தாவுவாள்.

அண்ணி டிரைவர் சீட்டின் உறையைக் கத்தியால் கிழித்தாள். உள்ளே இருந்த ஸ்பிரிங்குகளில் ஒன்றை முறித்து எடுத்தாள். முழுக்க ஆறும்வரை பொறுக்க முடியவில்லை. குழாயைக் கழற்றும்போது சுடுதண்ணீர் முழங்கை வரை கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். ஸ்பிரிங் உள்ளே போக மறுத்தது. திருகினாள், நசுக்கினாள், வாய்க்கு வந்தபடி வைதாள். ஒருவழியாகப் போனது. குழாயை மாட்டி, பட்டையை முறுக்கி, வாய்க்கால் தண்ணீரை ஊற்றி நிரப்பினாள்.

இஞ்சின் கிளம்பியது. மிதித்தாள்.

"ஒட்டல அண்ணி!" பாப்பா கத்தினாள்.

பள்ளமாகிப்போன சீட்டில் பலகையைப் போட்டு உட்கார்ந்து அண்ணி மலையேறினாள். முள் நடுவிலேயே நின்றது. இரண்டு பேரும் அதைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

குளக்கரையில் மூடிகளைத் திறந்தபோது ஒவ்வொரு தொட்டியிலும் வெள்ளை வயிறுகள் மிதந்தன. குளத்துக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவுதானாம்மா?"

"இவ்வளவுதாங்க," என்றாள் பாப்பா.

அவர் தாடையைச் சொறிந்தார். "உசிரோட இருக்கறதை இறக்குங்க. பாக்கலாம்."

செத்தவற்றை ஒதுக்கிவிட்டு, குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியில் கலந்து பழக்கினார்கள். பாப்பா குளத்தில் இறங்கி வாளியைச் சரித்ததும் சில குஞ்சுகள் அப்படியே மிதந்தன. மற்றவை ஒரு நொடி தயங்கி, சட்டென்று ஆழத்துக்குப் போய் மறைந்தன.

போன் அடித்தது. கணவன்தான். "என்ன, கேஸ்கெட்தானே?"

அண்ணியின் கை கொப்பளித்திருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டுக் கரையிலிருந்தே பாப்பாவின் பக்கம் நீட்டினாள்.

"அண்ணா, உன் பெரிய மெக்கானிக்கை நீயே வச்சுக்கோ," என்றாள் பாப்பா. காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் அப்போதுதான் உடைந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி தேம்பித் தேம்பி அழுதாள். அண்ணி தண்ணீரில் இறங்கி, அவள் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டாள். இன்னும் இரண்டு தொட்டி இறக்க வேண்டியிருந்தது.