தொண்டைக் கீற்று

ஒன்பதாவது நாளும் அந்தப் பொத்தான் வாய் திறக்கவில்லை. படகுக்காரர் லோபெட்டி மெதுவாக அமுக்கினார். பிறகு மவுஸ் மேசையில் இடிக்கிற மாதிரி அமுக்கினார். திரையில் ஒரு எழுத்து அசையவில்லை.

வெள்ளிக்கிழமை, மணி மூன்றே முக்கால். ஐந்து மணிக்குத் தேவாலயக் குழு கூடுகிறது. நூற்றாண்டு விழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற சனத்தை நுகு'அலோஃபா துறையிலிருந்து 'எவுவா தீவுக்கு யார் படகு ஏற்றிப் போவது என்று அங்கே முடிவாகும். வருகிறவர்கள் இணையத்திலேயே இடம் பிடிக்க வேண்டும், பக்கம் வேலை செய்தால்தான் படகு என்று செயலர் சாமிசோனி சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் போட்டிக்காரன் ஃபினௌவின் படகு. முப்பது வருஷம் அந்தக் கடலில் ஓட்டியவர் கரையில் நின்று கையாட்ட வேண்டியதுதான்.

முதலில் ஊரில் ஒருவனை நம்பித்தான் பக்கம் போடச் சொன்னார். அவன் தீவின் பெயரில் முதல் எழுத்தையே விழுங்கிவிட்டான். தொண்டையை ஒரு நொடி அடைத்துத் திறக்கிற ஒலி அது. எழுதும்போது மேலே சின்னக் கீற்றாக நிற்கும். கீற்றுதானே என்றான் அவன். அன்றோடு அவனை விரட்டிவிட்டு, இணையப் பக்கம் எழுதக் கற்றுத்தரும் ஜாவாஸ்கிரிப்ட் வகுப்பில் தானே போய் உட்கார்ந்தார்.

கூடத்தில் ஆறு கணினிகள். பாடத்தாளில் இருந்த 'சிட்னி', 'ஆக்லாந்து' எல்லாம் முதல் நாளே அவருக்கு ஓடின. தன் ஊர்ப் பெயர்களைப் போட்டதும் பொத்தான் செத்தது. டீச்சர் கலோலைன் எட்டிப் பார்க்க வரும்போதெல்லாம் தொப்பியைத் திரைமேல் கவிழ்த்துவிடுவார். காரணம் டீச்சர் இல்லை. பக்கத்து மேசை லூசியா. ரொட்டிக்கடைக்காரி, ஃபினௌவுக்கு அண்ணி.

"என்ன கேப்டன், தொப்பிக்குள்ள முட்டை அடைகாக்குறீங்களா?" என்றாள் லூசியா, எண்ணெயில் பொரித்த கெகே மாவு உருண்டையை மென்றுகொண்டே.

"உன் வேலையப் பாரு. எண்ணெய்க் கையோட கீபோர்டைத் தொடாத."

நான்கு மணிக்கு டீச்சர் நேராக வந்து தொப்பியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். லோபெட்டிக்கு முகம் சிவந்தது. டீச்சர் வரியைப் பார்த்தார்.

"அட, இதுதானா! பேருக்கு ரெண்டு பக்கமும் ஒத்தைக் கீற்று போட்டிருக்கீங்க. பேருக்கு நடுவுலயும் ஒரு கீற்று நிக்குது. நடுவுல இருக்கறதைப் பாத்ததும் பேரு முடிஞ்சிபோச்சுன்னு கம்ப்யூட்டர் நெனச்சுக்குது. மிச்சம் இருக்கற 'அலோஃபா' அதுக்குப் புரியல. அந்தக் கீற்றை எடுத்துடுங்க, ஓடும்."

"எடுக்கவா? அது எழுத்து டீச்சர், கொசு இல்ல. உட்கார்ந்துடுச்சுன்னு தட்டிவிட."

"மணி என்னன்னு பாருங்க."

"எனக்கும் மணி பாக்கத் தெரியும். என் தீவு பேரை மொட்டையடிச்சு நான் படகு விடமாட்டேன். ஃபினௌவே ஓட்டட்டும்."

டீச்சர் பெருமூச்சு விட்டார். "வெளியில ரெட்டைக் கீற்று போடுங்க. உள்ள இருக்கறது அப்படியே இருக்கட்டும்."

லோபெட்டி ஒற்றை விரலால் தேடித் தேடி மாற்றினார். அமுக்கினார். திரையில் "நுகு'அலோஃபாவிலிருந்து 'எவுவாவுக்கு" என்று கீற்றெல்லாம் சரியாக நின்றது.

"இத ஒன்பது நாள் முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்று கத்தினார்.

"ஒன்பது நாள் தொப்பிக்கிட்டயா சொல்லுவேன்?"

லோபெட்டி சாமிசோனிக்குப் போன் போட்டார். செயலர் கைபேசியில் பக்கத்தைத் திறந்து பார்ப்பது கேட்டது. பிறகு ஒரு சிரிப்பு.

"லோபெட்டி, பெரியவங்க நாலு, புள்ளைங்க மூணுன்னு போட்டேன். மொத்தம் நாப்பத்து மூணு இடம்ங்குது. அது உன் படகாடா, போர்க்கப்பலா?"

லோபெட்டியும் போட்டுப் பார்த்தார். நாற்பத்து மூன்று. டீச்சர் வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். மணி நான்கு நாற்பது. பக்கத்து மேசையில் லூசியா மட்டும், திரையைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு.

கை தொப்பியைத் தேடிப் போனது. தொப்பி டீச்சர் தலையில் இருந்தது. கடைசியில் திரையையே அவள் பக்கம் திருப்பினார்.

"ஏ லூசியா. இத பாரு."

அவள் விரலைப் பாவாடையில் துடைத்தாள். "எனக்கும் இதே கூத்துதான். ரெண்டும் ஒண்ணும் ரொட்டி கேட்டா இருபத்தொண்ணுன்னு காட்டுச்சு. பெட்டிக்குள்ள அடிக்கிறது எல்லாமே அதுக்கு எழுத்துதான் கேப்டன். கூட்டாது, பக்கத்துல ஒட்டிவைக்கும். ரெண்டுக்கும் முன்னாடி நம்பர்னு போட்டு அடைப்புக்குள்ள தள்ளுங்க."

"உனக்கு எத்தனை நாளாச்சு?"

"அஞ்சு நிமிஷம். டீச்சர்கிட்ட கேட்டேன்."

அவர் போட்டார். ஏழு.

"ஏழு காட்டுது," என்றார் சாமிசோனி போனில். "உன் பேரையே குழுவுல வைக்கிறேன். இதுக்குமேல எதையும் தொட்டுக் கெடுத்துடாத."

போனை வைத்த லோபெட்டி லூசியாவைப் பார்த்தார்.

"இத உன் கொழுந்தன்கிட்ட சொல்லாத," என்றார்.

"அவனா?" லூசியா அடுத்த உருண்டையை வாயில் போட்டாள். "அவனும் வீட்டுல உட்கார்ந்து பக்கம் போடுறான், மூணு வாரமா பொத்தான் ஓடல. அவனும் யாருக்கும் காட்டமாட்டேங்கறான்."