மேடைக்குக் கொடுத்த சமாச்சாரம்

எங்கள் கட்சியில் ஒரு வழக்கம் உண்டு. பொதுக்கூட்டத்தில் பேச வருகிற மாவட்டச் செயலாளர், மேடை ஏறுவதற்கு முன்னால் அந்த வார்டு நிர்வாகி ஒருவர் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடிப்பார். குடித்துக்கொண்டே, "ஏனுங்க, இந்தப் பக்கம் என்ன சமாச்சாரம்?" என்பார். தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்றெல்லாம் சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். ஊர் வாசனையோடு, கேட்டதும் சிரிப்பு வருகிற மாதிரி ஏதாவது வேண்டும். அதை அப்படியே மேடையில் எடுத்து விடுவார். யார் கொடுத்த சமாச்சாரம் மேடை ஏறியதோ, அவருக்குக் கட்சிக்குள் கொஞ்ச நாள் தனி மவுசு. நானும் சிங்காநல்லூரில் மகளிர் அணி வார்டுச் செயலாளராக ஆள் சேர்த்து, கோலம் போட்டு, ஆரத்தித் தட்டு தூக்கி வருஷக் கணக்காகிறது. இந்தச் சின்னாத்தாள் கொடுத்த சமாச்சாரம் என்று ஒன்றுகூட மேடை ஏறியதில்லை.

போன வாரம் ஏறியது. அந்தக் கருமத்தைத்தான் சொல்ல வந்தேன்.

மாவட்டச் செயலாளர் பெயர் திருமலைசாமி. நாங்கள் அவரை மாவட்டம் என்றே கூப்பிடுவோம். அன்று சாயங்காலம் அவர் என் வீட்டுக்கு வந்தார். கூட நாலைந்து பேர். வழக்கம்போல சமாச்சாரம் கேட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், நான் நல்லதை நினைத்துத்தான் வாயைத் திறந்தேன்.

"பக்கத்து ஊட்டுல பிந்துன்னு ஒரு புள்ளைங்க. மோட்டார் பட்டறைல செம்புக் கம்பி காயில் சுத்தற வேலைக்குப் போகுது. புருசன் உட்டுட்டுப் போயிட்டானுங்க. உதவித்தொகைக்கு எழுதிப் போட்டா, அவன் போனதுக்கு அத்தாட்சி கொண்டா, அதைக் கொண்டா இதைக் கொண்டான்னு ஆபீசுல அலைய உடறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஆயிருமுங்க" என்றேன்.

மாவட்டம் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார். கூட வந்தவர்கள் முறுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போனது. அங்கேயே வாயை மூடியிருக்கலாம். நாக்கில் சனி. "அந்தப் புள்ள பண்ற கூத்தைக் கேளுங்க" என்று ஆரம்பித்தேன்.

பிந்துவின் வீட்டில் அவளும் அவள் மாமியார் லட்சுமியம்மாளும்தான். ஆண் துணை இல்லாத வீடு என்று தெரிந்தால் தெருவில் போகிறவன் வருகிறவனெல்லாம் ஒரு மாதிரி பார்ப்பான். அதனால் பிந்து ஒரு காரியம் செய்வாள். ஓடிப்போன புருஷன் உதய் விட்டுப்போன சட்டைகளை ஞாயிற்றுக்கிழமைதோறும் துவைத்து மொட்டை மாடிக் கொடியில், தெருவைப் பார்த்தாற்போலக் காயப்போடுவாள். பார்க்கிறவர்கள் வீட்டுக்காரன் வெளியூரில் வேலையாக இருந்து வந்துபோகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் மாடி ஒன்றுதான், கொடியும் ஒன்றுதான். அதனால் எனக்கு மட்டும் சொல்லியிருந்தாள். "யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்கக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

அதைத்தான் சொன்னேன். மாவட்டம் செல்போனைக் கீழே வைத்தார். "அட, இது நல்லாருக்குதே அம்மணி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து நின்று, பிந்து சட்டையின் இரண்டு தோளையும் பிடித்துப் படீரென்று உதறி, ஒரு தடவை தெருவை எட்டிப் பார்த்துவிட்டுக் கொடியில் போடுகிறதைத் துண்டை வைத்து நடித்தே காட்டினேன்.

மேடையில் அவர் இப்படிப் பேசினார். "நம்ம சிங்காநல்லூர்ல ஒரு அம்மணி இருக்குதுங்க. புருசன் ஓடிப்போயி வருசமாச்சு. ஆனா வாராவாரம் அவன் சட்டை மட்டும் கொடியில காயுது." தோளில் கிடந்த துண்டை எடுத்து நான் உதறிய மாதிரியே உதறினார், எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, சட்டை புருசனோடது சரி. ஊட்டுக்குள்ள வாரது போறது யாருங்க? இதுக்கு உதவித்தொகை வேற வேணுமாம்."

கூட்டம் விசிலடித்துச் சிரித்தது.

மறுநாள் மத்தியானத்துக்குள் அந்த வீடியோ ஊர் உலகமெல்லாம் போய்விட்டது. டிவியில் ஆறு பெட்டிக்குள் ஆறு பேர் உட்கார்ந்து கத்தினார்கள். மாதர் சங்கத்துக்காரர்கள் கலெக்டர் ஆபீஸ் முன்னால் கயிறு கட்டி ஆண் சட்டைகளைத் தொங்கவிட்டு கோஷம் போட்டார்கள். காலேஜ் பெண்கள் அப்பா சட்டையையும் அண்ணன் சட்டையையும் கொடியில் போட்டுப் படம் எடுத்துப் போட்டார்கள். மாவட்டம் வேறு வழியில்லாமல், "வேடிக்கைக்குச் சொன்னது, யார் மனசாவது புண்பட்டிருந்தா வருத்தப்படறேன்" என்றார். யார் மனசாவதாம். எங்கள் மகளிர் அணி வாட்ஸப்பில், அண்ணன் பெண்களைத் தெய்வமாக மதிப்பவர் என்று ஆளுக்கொரு வீடியோ பேசி அனுப்பச் சொன்னார்கள். தொண்டை கட்டிக்கொண்டது என்று தப்பித்தேன்.

அவர் கேலி பேசியதோடு போயிருந்தால் பிந்து யாரென்று ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. அவளுக்காகப் பரிந்து பேச வந்தவர்கள்தான் அவளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். சேனல் நடத்துகிற ரெண்டு பேர் செல்போனைத் தூக்கிக்கொண்டு சிங்காநல்லூர் தெருத்தெருவாக மாடியைப் பார்த்தபடி நடந்தார்கள். எங்கள் கொடியில் உதயின் நீலக் கட்டம் போட்ட சட்டை எடுக்காமல் கிடந்தது. அவ்வளவுதான். சாயங்காலமே எதிர்க்கட்சிப் பெண்கள் பொன்னாடையோடு வந்து, "நாங்க இருக்கறோம் கண்ணு, நாளைக்கு மேடைக்கு வா" என்று கதவைத் தட்டினார்கள். பட்டறை முதலாளியின் மனைவி எல்லோர் முன்னாலும் முதுகைத் தடவிக்கொடுத்து, "நீதானா அது, பாவம்" என்றாளாம். ஒருத்தரும் கெட்ட வார்த்தை பேசவில்லை. அத்தனை பேரும் நல்லவர்களாக இருந்தே அவளைச் சந்தி சிரிக்க வைத்தார்கள். அப்படி மற்றவர்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பிந்து வேலைக்குப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சோறு கொண்டுபோனால் வாங்கிக்கொள்வாள். "நீங்க ஒருத்தருதாங்கக்கா எனக்கு" என்று அவள் சொன்னபோது, இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அவளுக்குச் சந்தேகம் மாமியார் மேல். லட்சுமியம்மாள் ரேஷன் கடையில் நின்றாலும் சரி, மாவு மில்லில் நின்றாலும் சரி, வாய் ஓயாது. சட்டை விஷயத்தில் அவருக்கு இஷ்டமும் இல்லை. "இல்லாதவன் துணியை எதுக்குத் துவைக்கறே" என்று முணுமுணுப்பார். ஒரு நாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம், அவர்கள் வீட்டுப் பேச்சான தெலுங்கில் சண்டை கேட்டது. பக்கத்திலேயே இருந்து எனக்கும் பாதி புரியும். உன் பிள்ளைதான் என்னைத் தெருவில் விட்டான், இப்போது நீயும் விட்டாய் என்று பிந்து அழுதாள். லட்சுமியம்மாள் பீரோவைத் திறக்கிற சத்தம்தான் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பிந்து என் வாசலில் வந்து நின்றாள்.

"அத்தம்மா உடுமலைக்கு அவங்க தம்பி ஊட்டுக்குப் போறாங்க. வண்டில பஸ் ஸ்டாண்டுல எறக்கி உட்டுடுங்கக்கா. எனக்கு அவங்க மூஞ்சியப் பாக்க முடியலை."

சரி கண்ணு என்றேன். வேறென்ன சொல்லியிருக்கிறேன் நான், இந்த ஒரு வாரமாக.

லட்சுமியம்மாள் ஒரு கட்டைப்பையோடு என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தார். பஸ் ஸ்டாண்டில் உடுமலை வண்டி நின்றிருந்தது. பையை நான் எடுத்துக்கொண்டேன். என் வாய் சும்மா இருக்கிறதா? "எதுக்கும்மா இதையெல்லாம் வெளிய சொன்னீங்க" என்று கேட்டேன். அவரே செய்தார் என்று அவரை நம்பவைத்துவிட்டால் எனக்கு நிம்மதி வந்துவிடும் போல. என்னை என்ன சொல்லித் திட்டினாலும் தகும்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"முட்டி வலில நான் மாடியேறி எந்தக் காலமாச்சு, சின்னாத்தா? அவ எப்பிடித் துணியை உதறுவா, எப்பிடி எட்டிப் பாப்பான்னு எனக்கே தெரியாது. அந்தாளு மேடையில செஞ்சு காட்டறான். அதை யாரு பாத்திருப்பா? நீ மட்டுந்தான் பாத்திருப்பே."

நான் ஸ்கூட்டர் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரிஞ்சுமா அவகிட்டச் சொல்லாம வந்தீங்க?"

"சொல்லி? நான் அவளை உட்டுட்டுப் போனவனைப் பெத்தவ. என்னை வெறுக்கறதுக்கு அவளுக்கு ஏற்கெனவே காரணம் இருக்குது, இது ஒண்ணு கூடுனா ஒண்ணும் ஆயிராது. உன்னையும் இல்லீன்னு ஆக்கிப்போட்டா அந்தப் புள்ளைக்கு ஒரு காய்ச்சல் தலைவலின்னா யாரு வருவா? நீ நல்லாப் பாத்துக்குவே. அது எனக்குத் தெரியும்." பையை என் கையிலிருந்து வாங்கினார். "அவளை உட்டுப்போடாதே அம்மணி."

கண்டக்டர் விசில் கொடுத்தார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அழுகையா கோபமா தெரியவில்லை. பஸ் படியில் கால் வைத்தவரின் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். "எறங்குங்க. மொதல்ல எறங்குங்க. நான் பண்ணுன பாவத்தை உங்க பையில போட்டுக்கிட்டு நீங்க எங்கயும் போக வேண்டாம்." பஸ்ஸில் இருந்தவர்கள் ஒத்துப்போகாத மாமியார் மருமகள் என்று நினைத்திருப்பார்கள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை உதறினார். நான் விடவில்லை. ஸ்கூட்டரில் ஏற்றித் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்தேன்.

பிந்து கதவைத் திறந்தாள். மாமியாரைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"அவங்க சொல்லலை, பிந்து. நாந்தான் சொன்னேன்" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு நான் காப்பி கொடுத்ததிலிருந்து துண்டை உதறிக் காட்டியதுவரை ஒன்று விடாமல் சொன்னேன். உனக்கு உதவித்தொகை கேட்கத்தான் ஆரம்பித்தேன் என்றும் சொன்னேன், அதைச் சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. அவள் கதவைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள், செருப்பை எடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அதற்காகவே நின்றேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவள் மாமியாரின் கையிலிருந்து பையை வாங்கி உள்ளே வைத்தாள். "உள்ள வாங்க அத்தம்மா" என்றாள். லட்சுமியம்மாள் என்னைத் தாண்டி உள்ளே போனார். பிந்து திரும்பி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவரு மேடையில அதைச் சொன்னப்ப எல்லாருஞ் சிரிச்சாங்களேக்கா. நீங்களும் சிரிச்சீங்களா?"

முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவளை இடித்து, இது நான் கொடுத்தது என்று காதில் சொல்லியிருந்தேன். அத்தனை நாள் மென்று முழுங்கினவள், இனியொரு பொய் வேண்டாம் என்று முடிவு செய்து நின்றேன்.

"எல்லாருக்கும் முந்தி நாந்தான் சிரிச்சேன் கண்ணு."



"அதுக்கு மட்டும் இல்லைன்னு சொல்லியிருக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.