காப்பியில் கழுவிய பிலிம்

குளியலறைக் கதவிடுக்கில் ஈரத் துண்டைத் திணித்துவிட்டு, முருகவேல் இருட்டில் காப்பி வாளிக்குள் பிலிமை இறக்கினான். வெளியே மாமா கதவைத் தட்டினார்.

"மாப்ள, உள்ள என்ன பண்ற?"

"பிலிம் கழுவறனுங்க மாமா. தொறந்தா வெளிச்சம் பட்டுருமுங்க."

"அங்க உங்கப்பனக் குளிப்பாட்டோணும்னு நிக்கறாங்க. நீ பிலிமக் குளிப்பாட்டிட்டு இரு. எனக்கு அவசரம் வேற."

அப்பா தண்டாயுதபாணி விடியும்போது இறந்திருந்தார். இரங்கல் ஃபிளெக்ஸ் அடிப்பவர் படம் கேட்டார். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் கேமராவுக்குப் பின்னாலேயே நின்ற மனிதருக்கு ஆதார் அட்டையை விட்டால் படமில்லை.

"அதுல திருடிப் புடிபட்டாப்ல இருக்காரு. வேண்டாங் கண்ணு" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் பீரோவில், பழைய கேமராவுக்குள், கழுவாத கறுப்பு வெள்ளை ரோல் கிடைத்தது. முப்பது வருடமாவது ஆகியிருக்கும். ஒன்றிலாவது அப்பா இருந்தால்?

முருகவேலுக்குச் சாயப்பட்டறை லேபில் வேலை. கலவை விஷயத்தில் தனக்குத் தெரியாதது இல்லை என்று அவன் நம்பினான், மேனேஜர் நம்பவில்லை. காப்பித்தூள், சோடா ஆஷ், வைட்டமின் சி மாத்திரை இருந்தால் பிலிம் கழுவலாம் என்று யூடியூபில் எப்போதோ பார்த்திருந்தான். சோடா ஆஷும், கழுவிய படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போவும் லேபிலிருந்து வந்தன. காப்பித்தூள் துக்கத்துக்கு வந்தவர்களுக்கு வாங்கியது. அவர்கள் டீயோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஹைப்போவரை எல்லாம் சரியாகவே நடந்தது. விளக்கைப் போட்டான். மங்கலாக ஆட்கள், ஒரு மரம், ஒரு சைக்கிள். யார், எங்கே என்று பார்ப்பதற்குள் கை தானாக கீசர் குழாயைத் திருகியது. பட்டறையில் சாயம் ஏற்றியதும் சுடுதண்ணீரில்தான் அலசுவார்கள். சூட்டில் பிலிமின் பூச்சு இளகி, படங்கள் பாலாடைபோல வழுக்கிச் சாக்கடைக்குள் போயின. பதறிக் குழாயை மூடியபோது மிஞ்சியது ஒரே ஒரு படம்.

வெளியே வந்து கொடிக்கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டான். கைபேசியில் நிறத்தைத் தலைகீழாக்கி அதன் வழியே பார்த்தான். அம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

வேட்டி. அரைக்கைச் சட்டை. கேமராவை நோக்கி நீண்ட ஒரு கை. தலை இல்லை.

"இது நீ எடுத்தது. கேமராவக் குடுத்தாத்தான் ஆச்சுன்னு அழுத."

"தலையக் காணமுங்கம்மா."

"உன்ற ஒசரத்துக்கு அவ்வளவுதான் தெரிஞ்சிருக்கும். மேல தூக்கு, மேல தூக்குன்னு கையக் காட்டிட்டே இருந்தாரு. நீ எங்க கேட்ட."

ஃபிளெக்ஸ்காரர் அழைத்தார். "ஆதார் போட்டோவையே போட்டுருங்க" என்றான். பின்னால் மாமா குளியலறைத் தாழ்ப்பாளைப் போடும் சத்தம் கேட்டது.

முருகவேல் மறுபடி பிலிமைப் பார்த்தான். கைபேசியைக் கொஞ்சம் மேலே தூக்கினான்.