லேபிள் வெட்டிய கதவுகள்

“இத்தன கதவுல ஒண்ணுகூட கதவா இல்லீன்னா, நீ என்னத்தத்தான் வரைஞ்சே அம்மணி?”

“வரைஞ்சதெல்லாம் கதவுதானுங்ணா. வந்து பாருங்க.”

“நான் எதுக்குப் பாக்கோணும்? அங்க பையர் பாத்துட்டான்.”

அருள்குமாரின் குரல் மாடியிறங்கிக் கீழே பேக்கரி வரை வந்துவிட்டது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் அவசரப்படாமல் ஆற்றி ஆற்றிக் குடித்தார்கள்.

விஷயம் இதுதான். அருள்குமாரின் கட்டட வரைபட ஆபீசில் வேலை பார்க்கும் கீதாஞ்சலி, ஒரு பனியன் கம்பெனியின் புது யூனிட்டைக் கம்ப்யூட்டரில் மாடலாகக் கட்டியிருந்தாள். யாருடைய மென்பொருளிலும் திறக்கிற பொது வடிவத்துக்கு அதை மாற்றி, அங்கே துணி வாங்கும் வெளிநாட்டு பையரின், கட்டடப் பாதுகாப்பைப் பார்க்கும் ஆடிட்டருக்கு அனுப்பினார்கள். அங்கே திறந்தால் உருவம் இருந்தது, வகை இல்லை. தீ தாங்கும் கதவும் கக்கூஸ் கதவும் ஒரே மாதிரி ‘ஏதோ ஒரு பொருள்’.

சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லியாயிற்று. வேலை போனால் கீதாஞ்சலிக்கு வீட்டில் மாப்பிள்ளை தயார். குன்னத்தூரில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். வேலையைக் காரணம் காட்டித்தான் அவரை இதுவரை தள்ளிப்போட்டு வந்தாள்.

எனவே கோழிகளை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூல மாடலைத் திறந்தாள். வகையெல்லாம் அப்படியே இருந்தது. ஒரே ஒரு கதவை மட்டும் தன் கம்ப்யூட்டரிலிருந்து பொது வடிவத்துக்கு மாற்றி, வேறொரு மென்பொருளில் பார்த்தாள். வகை பத்திரமாக வந்தது. அதே கதவை முதலாளியின் கம்ப்யூட்டரில் மாற்றினாள். வெளியே போகிற எதுவும் அது வழியாகத்தான் போகவேண்டும் என்பது அந்த ஆபீசின் சட்டம். வகை காணோம். அங்கே செட்டிங்கைத் திறந்தால், வகை விவரத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லும் கட்டத்தில் டிக் இல்லை.

“இத யாருங்ணா எடுத்தது?”

அருள்குமார் சட்டைப்பையில் எதையோ தேடினார். கிடைக்கவில்லை.

“நாந்தான். சரக்கு வெளிய போறப்ப லேபிளோடயா அனுப்புவாங்க?”

வரைபடத்துக்கு வருமுன் அவர் காதர்பேட்டையில் கடை போட்டு, எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய பனியன் சரக்கு விற்றவர். வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் தெரியக்கூடாதென்று, கழுத்து லேபிளை வெட்டாமல் ஒரு பனியனும் அவர் கடைப்படி இறங்கியதில்லை. தொழிலை மாற்றியபோது கத்தரிக்கோலையும் கையோடு கொண்டுவந்துவிட்டார் போலிருக்கிறது.

“லேபிள் இல்லாம பனியன் போட்டுக்கலாமுங்ணா. தீப்புடிச்சா எந்தக் கதவு தாங்கும்னு எப்படிங்க தெரியும்?” என்றாள் கீதாஞ்சலி. குரல் உயரவில்லை, கீழே பேக்கரியில் இருந்தவர்களுக்கு அது ஒரு குறை.

டிக் போட்டு மறுபடி அனுப்பினாள். கதவெல்லாம் கதவாகவே போய்ச் சேர்ந்ததாக ஆடிட்டரிடமிருந்து பதில் வந்தது. அருள்குமார், நாளைக்கு நேரத்தோடு வந்துவிடச் சொன்னார். அவரிடம் மன்னிப்பு என்பது அவ்வளவுதான்.

வந்தாள். கோயம்புத்தூரில் வேறு ஆபீஸ் கிடைக்கும்வரை வந்தாள். இப்போது அங்கேதான் ஹாஸ்டலில் இருக்கிறாள். வீட்டில் வேறு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். கோழிப்பண்ணைக்காரருக்கு அருள்குமாரின் தங்கை மகள் சித்ரகலாவைக் கட்டிக்கொடுத்தார்கள். தாய்மாமன் என்ற முறையில் மாப்பிள்ளைக்கு அவர் நல்ல சட்டையாகத்தான் எடுத்துக் கொடுத்தார். கழுத்தில் லேபிள் இல்லை.