பதினேழாம் எண் குழி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். சுள்ளென்று விழுகிறவள் நேர்மையாகத்தான் இருப்பாள் என்று அவர்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள். முப்பது வருடமாக மண் ஆய்வில் இருக்கும் அரவிந்தவல்லி ஒரு படிவத்தில் பொய் எழுதியிருப்பாள் என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. ஆனால் எழுதினேன்.

துறையூருக்கு வடக்கே ஓடைப்புதூர் என்று ஓர் ஊர். ஊரைத் தாண்டினால் நானூறு ஏக்கர் மேய்ச்சல் நிலம், முழுக்கக் கறுப்புக் களி. சுண்ணாம்புச் சத்துள்ள பாறை யுகக் கணக்கில் கரைந்து உண்டான மண் அது. மழையில் தண்ணீரைக் குடித்து உப்பும். வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மேலே இருக்கிற பொடி வெடிப்புக்குள் சரிந்து விழும், அடுத்த மழையில் அடிமண் உப்பி மேலே வரும். ஏர் கலப்பை எதுவும் வேண்டாம், தன்னைத் தானே புரட்டிக்கொள்ளும். அங்கே வேலிக்கல் நட்டால் இரண்டு வருடத்தில் சாய்ந்துவிடும். உள்ளே கிடக்கிற கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிக்கொண்டும் வரும். புத்தகத்தில் படித்தபோது எனக்கு இந்த மண்ணின் மேல் ஆசையாகவே இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு மே மாதம் அங்கே இருபது குழி வெட்டினோம். ஒவ்வொன்றும் ஐந்தரை அடி ஆழம். உள்ளே இறங்கி, சுவரில் மண் அடுக்கடுக்காக எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதுவோம். முடிந்ததும் அரையடி மண் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து, மறுபடி அரையடி போட்டு இடித்து என்று மூடிக்கொண்டே வர வேண்டும். பிறகு படம் எடுத்து, ‘குழி மூடப்பட்டது’ என்று கையெழுத்துப் போட வேண்டும்.

பதினேழாம் குழி அன்று தண்ணீர் வண்டி வரவில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு பழைய பேச்சு உண்டு: கரிசல் குழியை நாம் எதற்கு மூட வேண்டும், இரண்டு மழை பெய்தால் அதுவே மூடிக்கொள்ளும். பாதி உண்மைதான். மீதிப் பாதி, இடிக்காமல் போட்ட கட்டிகள் மழையில் கூழாகும் என்பது. மேலே ஏடு காய்ந்து தரை மாதிரி தெரியும், கீழே பிடிமானமே இருக்காது. அது எனக்கும் தெரியும். அன்றைக்கு வெயிலில் எனக்குத் தலையை வலித்தது. கட்டிகளை அப்படியே உள்ளே தள்ளச் சொன்னேன். பதினாறாம் குழியை வேறு பக்கத்திலிருந்து படம் எடுத்து, பதினேழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன்.

இந்த மே மாதம் அதே இடங்களில் மறுபடி மண் எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஜீப்பை ஓட்டி வந்தவர் ஸ்தனிஸ்லாஸ். நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் டிபன் டப்பாவைத் திறந்தார். நான் பையும் கடப்பாரையுமாக இறங்கி நடந்தேன். அங்கங்கே கால் உள்ளே போகிற அளவுக்கு வெடிப்பு. குனிந்தால் உள்ளிருந்து சில்லென்று காற்று வந்தது.

அப்போதுதான் ஒரு பெண் குரல் கேட்டது. யாரையோ வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ஆடுகள் மட்டும் மேய்ந்தன. அவள் ஒரு வெடிப்புக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, தரையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பெயர் செல்லக்கிளி, நாற்பத்தைந்து வயது இருக்கும்.

“யாரைம்மா திட்டுறீங்க?” என்றேன்.

“எங்க வீட்டுக்காரரத்தான் மேடம். நல்லுசாமின்னு பேரு. ஆறு வருசம் ஆச்சு, ஐப்பசி மழையில ஒரு நாள் சாயங்காலம் ஆடு மட்டும் வீட்டுக்கு வந்துச்சு, மனுசன் வரல. டீக்கடைக்காரி ஒருத்தியும் அந்த வாரந்தான் ஊரை விட்டுப் போனா. ரெண்டு பேரும் திருப்பூர்ல இருக்காங்கன்னு ஊரே சொல்லுது. ஸ்டேசன்லயும் அப்படித்தான் சொல்லி அனுப்பிட்டாங்க.”

“அதுக்கு ஏன் தரையில திட்டுறீங்க?”

“வீட்ல வயசுக்கு வந்த பொண்ணு இருக்கு. அது காதுபட அப்பனைத் திட்ட முடியுமா? இந்த வெடிப்புல சொல்லிட்டா மழை வந்து மூடிக்கும், யார் காதுக்கும் போகாது. மனசும் ஆறும்.” சிரித்தாள். “போறவர் தொரட்டியக்கூட வச்சிட்டுப் போகல மேடம். எங்கப்பா கொல்லன்கிட்ட சொல்லி அடிச்சுக் குடுத்தது. அங்க போயி அவளுக்குத் தழை ஒடிச்சுப் போடப் போறாரா?”

ஆடுகளை ஓட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள். நான் பதினேழாம் குழி இருந்த இடத்தைத் தேடிப் போனேன். தரை அங்கே தாம்பாளம் மாதிரி வட்டமாகக் குழிந்திருந்தது. நடுவில் ஏதோ துருப்பிடித்து வளைந்து, விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றிக் குத்திவிட்டு இழுத்தேன். தொரட்டியின் இரும்பு வந்தது. அதன் பூணுக்குள் கழியின் துண்டு மக்கிப்போய் இருந்தது.

என்ன நடந்திருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் என் கை என்ன செய்தது தெரியுமா? அதை மாதிரிப் பையில் போட்டு, வாயைக் கட்டி, சீட்டில் ‘17’ என்று எழுதியது. பழக்கம்.

“என்ன மேடம், முகமெல்லாம் வெளுத்துப் போச்சு?” என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

“வெயில்” என்றேன்.

ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதியில் எங்கள் வீடு. தொரட்டியைப் பால்கனியில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். அதில் ஒட்டியிருந்த களி காய்ந்து, வெடித்து, ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரு பிடி மண்ணாகக் கீழே கிடந்தது. பெருக்கி எடுப்பேன், மறுநாளும் கிடக்கும். காய்கிற களி உதிரத்தான் செய்யும், இதற்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். இருந்தாலும் பெருக்கியதும் பால்கனிக் கதவைத் தாழ் போட்டேன். பட்டப்பகலில், குழாய்ச் சத்தத்துக்கு நடுவே, செல்லக்கிளி திட்டுவது கேட்டது. குழாயை நிறுத்தினால் அதுவும் நின்றது. சாதம் பிசைந்தால் விரல் இடுக்கில் களி வழுக்குகிற மாதிரி இருந்தது. சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் என் ஆத்துக்காரர் ஹயக்ரீவன் கேட்டேவிட்டார். “என்னடி, பேயறைஞ்சாப்ல ஒக்காந்துண்டிருக்கே?”

சொன்னேன்.

“ரிட்டயராக நாலு மாசம் இருக்கு. நீ என்ன பிடிச்சுத் தள்ளியா விட்டே? அந்த இரும்பைக் கொள்ளிடத்துல போட்டுட்டுப் பெருமாளைச் சேவிச்சுட்டு வா. போனவன் போயிட்டான்.”

“போனவன் போயிட்டான். அவளோன்னா தினமும் திட்டிண்டிருக்கா” என்றேன். “நான் வாயை மூடிண்டு இருக்கற ஒவ்வொரு நாளும் செத்தவனைத் திட்டுவா. வேற எவளோடயோ இருக்கான்னு நெனைச்சுண்டு திட்டுவா.”

அவர் செய்தித்தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறினேன். செல்லக்கிளி அதே நிலத்தில் ஆடுகளோடு நின்றாள். தொரட்டியை அவள் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“திருப்பூர்லயா கெடச்சுது?” என்றாள்.

“இல்லம்மா. இங்கதான்.”

குழி வெட்டியது, இடிக்காமல் விட்டது, படத்தை மாற்றியது, கையெழுத்துப் போட்டது என்று எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், “எங்க?” என்று மட்டும் கேட்டாள். காட்டினேன். பிறகு இருவருமாக ஸ்டேஷனுக்குப் போனோம், நான் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துத் தாசில்தார் முன்னிலையில் தோண்டினார்கள். பக்கத்து மண் ஆட்களின் மண்வெட்டிக்கு மசியவே இல்லை. பெயர்ந்த பாளங்களின் உள்முகம் எண்ணெய் தடவியது போல் பளபளத்தது. ஒன்றன் மேல் ஒன்று வழுக்கி அழுத்தியதால் வருகிற பளபளப்பு அது. அதைச் சுவரில் பார்த்தால் மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவேன். அன்றைக்குப் பார்க்க முடியவில்லை.

நல்லுசாமி கால் மடங்கி உட்கார்ந்தவாக்கில் இருந்தார். இன்ஸ்பெக்டர் டேப் பிடித்துச் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதிக்கொண்டார். தலை மூன்றடியில், கால் ஐந்தரை அடியில். நெஞ்சோடு இன்னொரு சின்ன எலும்புக்கூடும் இருந்தது. டாக்டர் அதைத் தனியாக எடுத்து வைத்து, “ஆட்டுக்குட்டி” என்றார். குட்டி சிக்கிக்கொண்டதைப் பார்த்து இறங்கியிருக்கிறார். தொரட்டியை ஊன்றி ஏறப் பார்த்திருக்கிறார்.

செல்லக்கிளி அழவில்லை. மேட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். எனக்கு அது வேண்டியும் இருந்தது.

“திட்டிடும்மா என்னை” என்றேன்.

அவள் காலடியில் இருந்த வெடிப்பைக் குனிந்து பார்த்தாள்.

“மேடம், இந்த வெடிப்பெல்லாம் எவ்வளவு ஆழம் போகும்?”

எனக்குப் புரிந்துவிட்டது. ஓர் அடி என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பாள். ஆனால் இதே குழிக்கு ஒரு தடவை பொய் எழுதியவள் நான். இந்தக் கோடையில் கம்பி விட்டு அளந்ததும் நான்தான்.

“நாலடி, அஞ்சடி போகும்” என்றேன்.

தலை மூன்றடியில் என்று டேப் பிடித்துச் சொன்னதை அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். குழியைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப ஆறு வருசமும் அவருக்குக் கேட்டிருக்கு” என்றாள்.

எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, ஆடுகள் இருந்த பக்கம் நடந்தாள். கால் வைக்கிற ஒவ்வோர் இடத்தையும் பார்த்துப் பார்த்து, வெடிப்புகளை மிதிக்காமல் போனாள்.